நாற்பது துப்பாக்கிகளுக்குப் பெயரிட்ட செய்தி

நலம் பெருகுக, நாடு தழைக்க. ஏழு குன்றமும் இரு துறைமுகமும் ஒரு குடைக்கீழ் ஆளும், பகைவர்க்கு இடியும் பாவலர்க்கு மழையுமாகிய மாமன்னர் அடலேந்தியார் திருவுளப்படி, முதலமைச்சர் நள்ளியார், கூகைக் கணவாய்க் கோட்டைத் தலைவர் ஆவூர்ச் சேந்தனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மதிலும் அகழியும், குதிரையும் அதற்குரிய கொள்ளும் குறைவின்றி விளங்குக.

பகைவர் அடிவாரத்தில் பாசறை அமைத்துவிட்டனர் என்றும், முழுநிலவுக்குள் நாற்பது துப்பாக்கிகள் வாராவிடில் கோட்டை நில்லாது என்றும் தாங்கள் எழுதியது கண்டு, கடல் கடந்த பொறியாலையிலிருந்து நாற்பதும் வரவழைக்கப்பட்டன. ஒன்றின் குண்டு மற்றொன்றுக்கும் பொருந்தும். ஒன்றின் விசை முறிந்தால் இன்னொன்றின் விசையைப் பூட்டலாம்.

படைக்கலச் சாலை அதிகாரி நக்கண்ணனாருக்கோ அவற்றைக் கண்டதுமுதல் சோறு இறங்கவில்லை. நம் கொல்லர் கையால் பிறந்த துப்பாக்கிக்குப் பெயருண்டு, பிறந்த நாளுண்டு, தனக்கென வார்த்த குண்டன்றி வேறெதையும் அது தீண்டாது. இவையோ ஊர் பேர் அற்றவை, தளபதியின் துப்பாக்கிக்கும் காலாளின் துப்பாக்கிக்கும் ஒரே முகமாயின் மரியாதை என்னாவது என்று மனம் புழுங்கினார். ஆகவே கொல்லர் நாற்பதின்மரை அழைத்து, ஆளுக்கொன்று கொடுத்து, கைத்திறம் சேர்க்கப் பணித்தார். அவர்களும் யாளி பொறித்து, கொடி செதுக்கி, குழலையும் தத்தம் மனம்போல் திருத்தி, பெயர் சூட்டித் தந்தனர்.

திருமுன் சோதனை நடந்தது. உள்ளே பூண் இட்டுக் குறுக்கிய குழல்களில் குண்டு நுழையவில்லை. குடைந்து அகட்டிய குழல்களில் நுழைந்த குண்டு உருண்டு வீரர் காலடியிலேயே விழுந்தது. நக்கண்ணனார் தலைப்பாகையை இருமுறை அவிழ்த்துக் கட்டினார். நாற்பதாவது மட்டும் இருநூறு தப்படிக்கு அப்பால் வைத்த பானையைச் சிதறடித்தது.

மன்னர் மெய்சிலிர்த்து, கைவினையின் மேன்மை இதுவன்றோ என வியந்து, அதைச் சமைத்த கொல்லர் யாரென வினவியருளினார். மூங்கிலூர் ஓரியார் முன்வந்து, மைத்துனன் திருமணத்துக்குச் சென்றிருந்தமையால் தாம் அதனை உறையினின்று எடுத்ததேயில்லை என்று உள்ளபடி விண்ணப்பித்தார். மன்னர் அவரது அடக்கத்தை மெச்சிப் பொற்காப்பு அணிவித்தருளினார். போன மூச்சு திரும்பி வந்த நக்கண்ணனாரே வாழ்த்தொலியை முதலில் எழுப்பினார். வேந்தர் வாக்குக்கு எதிர்வாக்கு நம் மரபில் இல்லை.

ஆதலின் அத்துப்பாக்கி, நம் நாட்டுக் கைத்திறனுக்குச் சான்றாகக் கொலுமண்டபத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஏனைய முப்பத்தொன்பதும் பெயர்ப்பட்டியலுடன் இவ்வோலையோடு வருகின்றன. மரியாதை குறையாது அவற்றைக் கையாண்டு கணவாயைக் காப்பீராக. கணவாய் வீழுமாயின் தங்கள் தலையே அதற்கு ஈடு.

இஃது அரசாணை. வரையாட்டு இலச்சினை இடப்பட்டது.