காரை எடுத்தால் மிச்சம் கால்

தருமபுரம், காரைக்கால்
செவ்வாய்க்கிழமை சாயங்காலம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். மஸ்கட்டில் வெயிலும் நீங்களும் சுகமா? இந்தக் காலத்தில் கடிதமா என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் போன் அம்மாவின் பீரோவில் சேலைகளுக்கு அடியில் தூங்குகிறது. அம்மாவின் போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே நிற்கிறார். வாய்ஸ் நோட் போட்டால் நீங்கள் அதை ஸ்பீக்கரில் வைத்து ரூமில் உள்ள ஆறு அங்கிள்களிடமும் தீர்ப்பு கேட்பீர்கள். அதனால்தான் நாளைக்கு விமானம் ஏறும் செல்வின் அண்ணனின் பெட்டியில், நெத்திலிக் கருவாட்டுக்கும் நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் நடுவில் இதைச் செருகியிருக்கிறேன். வாசனைக்கு நான் பொறுப்பல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், பத்து மணிக்கு, நெடுமாறன் மாமா நம் காரை விலை பேச வருகிறார். வரச் சொன்னது நீங்கள். "ஆறே மாசத்துல வண்டிய லொடலொடன்னு ஆக்கிட்டா உங்கம்மா. வித்துத் தொலைங்க. அவளுக்கு பஸ்ஸுதான் சரி" என்று நீங்கள் என்னிடம் சொன்னபோது, அப்பா, இங்கேயும் ஸ்பீக்கர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மீன் கழுவிக்கொண்டே கேட்டார். காரை விற்கக் கூடாது. அந்தச் சத்தத்துக்கும் அம்மாவுக்கும் சம்பந்தமே இல்லை. யாருக்குச் சம்பந்தம் என்பதை இரண்டாம் பக்கத்தில் எழுதுகிறேன், முதல் பக்கத்தில் எழுத தைரியம் இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் சத்தம் தொடங்கியது. தெருவுக்குள் மெதுவாக உருளும்போது முன்பக்கம் லொடக் லொடக் என்று கேட்கும். வேகம் எடுத்ததும் வாயை மூடிக்கொள்ளும். அம்மா அன்றைக்கே பைபாஸ் ரோடு ஷோரூமுக்கு விட்டார். பெயர்தான் ஷோரூம், அப்பா. நமக்கு அங்கே ரூமும் இல்லை, சோறும் இல்லை, ஷோ மட்டும் உண்டு. முத்தையன் என்று ஒருவர், சர்வீஸ் அட்வைசராம். சர்வீஸ் நாங்கள் பார்க்கவில்லை, அட்வைஸ் நிறையக் கிடைத்தது. காரை பைபாஸில் எண்பதில் பறக்கவிட்டுத் திரும்பி வந்து, "சத்தமே இல்லீங்களே மேடம், உங்களுக்கு மனசுல கேக்குது போல" என்றார். மெதுவாக ஓட்டிப் பாருங்கள் என்று அம்மா சொன்னதற்கு, "மெதுவா ஓட்டுறதுதாங்க மேடம் வண்டிக்குக் கெடுதல்" என்றார். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஜாப் கார்டில் "நான்கு சக்கரமும் கழற்றிப் பார்த்துச் சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்டைத் தாண்டியதும் லொடக்.

இரண்டாம் தடவை நோய்க்குப் பெயர் கண்டுபிடித்தார்கள். வீல் பேரிங் போய்விட்டதாம், அம்மா ஓட்டுகிற விதத்தால் போய்விட்டதாம், ஓட்டுபவர் தவறு என்றால் வாரண்டி வராதாம். எனக்கு அப்போதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் புரிந்தது. 'வாரேன்டி, வாரேன்டி' என்று சொல்லிவிட்டு வராமலே இருப்பதுதான் வாரண்டி. அதைச் சத்தமாகவே சொன்னேன். முத்தையன் சிரிக்கவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளினார்.

புது பேரிங் மூன்று நாளில் வரும் என்றார்கள். பத்து நாளாகியும் காணோம். அம்மா தினமும் போன் செய்ய, "வழியில இருக்குங்க மேடம்" என்று தினமும் அதே பதில். எந்த வழியில் என்று பதினோராம் நாள் அம்மா கேட்ட பிறகுதான் கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறார்கள். நம் வண்டி எண் காரைக்காலுக்குரிய பி.ஒய். 02. முத்தையன் ஆர்டர் போடும்போது 03 என்று தட்டியிருக்கிறார். 03 என்றால் மாஹே! நம் பேரிங் கேரளாவுக்குப் போய், அரபிக்கடல் ஓரமாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அது உங்கள் பக்கத்துக் கடல்தானே, அப்பா. தெரிந்திருந்தால் மஸ்கட்டிலிருந்து ஒரு எட்டு போய் எடுத்து வரச் சொல்லியிருப்பேன். அது திரும்பி வர இன்னும் எட்டு நாள்.

அந்தப் பத்தொன்பது நாளும் அம்மா திருமலைராயன்பட்டினம் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில்தான் போனார். ஏழு மணி டியூட்டிக்கு ஐந்தரைக்கே பஸ் ஸ்டாண்டுக்கு நடை. காரைக்காலில் காரை எடுத்துவிட்டால் மிச்சம் கால்தானே என்று ஒரு நாள் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டார். நீங்கள் போனில் அப்படிச் சொன்னது அதற்கு மறுநாள். அதற்குப் பிறகு நான் சொன்ன எதற்கும் சிரிக்கவில்லை.

இது இரண்டாம் பக்கம். உட்கார்ந்துகொள்ளுங்கள்.

சத்தம் நான்தான். முன்பக்க இடது சக்கரத்தை மூடியிருக்கும் வீல் கப்புக்குள் நான்கு கழற்சிக்காய் போட்டது நான். கடற்கரைப் புதரில் பறித்தது, கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக இருக்கும். சக்கரம் மெதுவாகச் சுற்றினால் உருண்டு சத்தம் போடும், வேகமாகச் சுற்றினால் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பிளஸ் ஒன் பிசிக்ஸ் பாடம், நானாகச் சேர்த்தது ஒன்றுமில்லை. அம்மாவை ஒரே ஒரு காலைக்கு ஏமாற்றத்தான் அந்த விளையாட்டு. நான் டியூஷன் முடிந்து வருவதற்குள் கார் ஷோரூமுக்குப் போய்விட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். "நான்கு சக்கரமும் கழற்றி" என்று படித்ததும், சரி, காயைக் கண்டுபிடித்து எறிந்திருப்பார்கள், தப்பித்தோம் என்று நினைத்தேன். கேட்டைத் தாண்டியதும் லொடக் என்றது. அம்மா யூ டர்ன் போட்டு அப்படியே திரும்பக் கொண்டுபோய் விட்டார், எனக்குக் குனியக்கூட நேரம் கிடைக்கவில்லை. போன சனிக்கிழமை மாஹே பேரிங்கை மாட்டி வீட்டுக்கே அனுப்பினார்கள். இந்த ஜாப் கார்டிலும் "நான்கு சக்கரமும் கழற்றிச் சுத்தம்" என்று இருந்தது. தெரு முனையிலேயே லொடக் கேட்டது. அப்போது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். காயை எடுக்க ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தவள் நின்றுவிட்டேன். நான் எடுத்துவிட்டால் சத்தம் போய்விடும். பேரிங் மாற்றியதால்தான் சரியானது என்பார்கள். அப்படியென்றால் பேரிங்கைக் கெடுத்தது அம்மா என்றே ஆகிவிடும், நீங்களும் சாகும்வரை அதையே சொல்வீர்கள்.

அதனால் அன்று சாயங்காலம் அம்மாவோடு மூன்றாம் தடவை ஷோரூமுக்குப் போனபோது முத்தையன், மானேஜர், இரண்டு மெக்கானிக், டோக்கனோடு காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. "பாப்பா வெளாடாத" என்றார் முத்தையன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெக்கானிக் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டு, யூனிபாரம் சேலையோடு குத்துக்காலிட்டு, தானே வீல் கப்பை நெம்பினார். நான்கும் டைல்ஸ் தரையில் குதித்து ஓடின. ஒன்று மானேஜரின் ஷூவில் போய் முட்டி நின்றது.

அம்மா குரலே உயர்த்தவில்லை. இரண்டு ஜாப் கார்டையும் மேஜையில் விரித்து, "மொத்தம் எட்டு சக்கரம் கழட்டுனதா எழுதியிருக்கீங்க தம்பி. இதுங்க அப்ப எங்க போயிருந்துச்சு, மாஹேவுக்கா?" என்று கேட்டார். கழற்றியிருந்தால்தானே கழற்சி கிடைத்திருக்கும் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அன்றைக்கு முழுங்கிவிட்டேன். மானேஜர் பேரிங் செலவு தங்களுடையது என்றார், இலவச வாட்டர் வாஷ் கூப்பன் இரண்டு நீட்டினார். அம்மா கூப்பனைத் தொடவில்லை. சத்தத்துக்கும் ஓட்டியவருக்கும் சம்பந்தமில்லை என்று முத்தையன் கையாலேயே எழுதி வாங்கினார். காரணம் என்ற கட்டத்தில் அவர் 'காய்' என்று எழுதியிருக்கிறார். அந்த ஷோரூமில் எழுதப்பட்ட முதல் உண்மை அதுதான். தாள் இதோடு இருக்கிறது.

எனக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. தவக்காலம் ஊருக்கெல்லாம் முடிந்து எனக்கு மட்டும் புதிதாக நாற்பது நாள், போன் இல்லாமல். கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்தேன். அவருக்கு நடுவில் பலமாக இருமல் வந்துவிட்டது, எனக்கென்னவோ அது இருமல் மாதிரி தெரியவில்லை.

ஆனால் அன்று திரும்பும்போது அம்மா காரை ஓட்டி வரவில்லை, அப்பா. ஷோரூம் டிரைவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார். காரில் ஒரு குறையும் இல்லையே, மாமாவை வர வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். "ஒங்க அப்பா சொல்லிட்டாரு, விடு" என்றார். திங்கட்கிழமையும் இன்றைக்கும் பஸ்தான்.

அம்மா எப்படி ஓட்டுவார் என்று நீங்கள் பார்த்ததே இல்லை. மழைக்காலத்தில் நெரவியில் ஒரு சந்துக்குள் மீன் வேன் எதிரே வந்து நின்றது. நகர முடியாது என்று அந்த ஆள் கத்தினார். அம்மா சந்து முழுவதையும் ரிவர்ஸிலேயே தாண்டினார், இரண்டு பக்கச் சுவரிலும் ஒரு கீறல் இல்லை. வேன்காரர் தாண்டிப் போகும்போது கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு அம்மா வீடு வரும்வரை பாட்டு முணுமுணுத்தார்.

நேற்று சாயங்காலம் துணி எடுக்கப் போனேன். அம்மா மூடிய ஷெட்டுக்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தனக்குத் தக்கபடி திருப்பினார், பிறகு பழையபடி வைத்துவிட்டார். என்னம்மா என்றேன். ஏசி ஓடுதான்னு பார்த்தேன் என்றார். வண்டி ஸ்டார்ட்டிலேயே இல்லை, அப்பா.

ஞாயிறு பத்து மணிக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், உங்களுக்கு வராது. 'சலோமி, நாளைக்கு டியூட்டிக்குக் கார்ல போ' என்று மட்டும் சொன்னால் போதும். அம்மா உடனே பதில் பேச மாட்டார். லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள். அம்மா லைனில்தான் இருப்பார்.

கடவுள் உங்களைக் காக்கட்டும், உங்கள் வாயையும்.

இப்படிக்கு,
இனிமேல் குறும்பே செய்ய மாட்டேன் என்று எழுத ஆசைப்பட்டு, பொய் எழுதக் கூடாது என்று நிறுத்திக்கொண்ட
உங்கள் மகள்
ஜோவிதா