கல் இருக்கு, கட்டடம் எங்கே?

கொடைக்கானல்,
ஜனவரி 6

அன்புள்ள எம்.எல்.ஏ. அண்ணனுக்கு,

ஆக்ஸிலியா எழுதுவது. இங்கே பனி ஆளைக் கொல்கிறது. நீங்கள் என்னிடம் விட்டுப்போன ‘மலையொலி’ பத்திரிகை வாரம் தவறாமல் வருகிறது, அச்சுப்பிழை உட்பட.

போன வாரம் வெள்ளகவிக்கு அப்பால் ஈச்சங்கானல் வரைக்கும் நடந்தேன். செவிலியர் அறைக்கென்று நீங்கள் நாட்டிய அடிக்கல் பளபளவென்று நிற்கிறது. சுற்றிலும் ஒரு செங்கல் கிடையாது. ஜோதிமணி என்ற பெண்ணுக்கு எட்டு மாதம். “ஆடு கட்டத் தோதாத்தான் கெடக்குங்க. வலி வந்தா என்னையத்தான் டோலி கட்டித் தூக்கணும்” என்று சிரிக்கிறாள்.

இருபது வருஷம் முன்பு இப்படியொரு கல்லைப் பற்றி நீங்கள் எழுதித்தான் ஊர் உங்களைத் தெரிந்துகொண்டது. வெள்ளிக்கிழமை அதே கட்டுரையை, அதே தலைப்போடு போடுகிறேன். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் மட்டும் வேறு.

ஆக்ஸிலியா

சென்னை,
ஜனவரி 8

அன்புத் தங்கச்சிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். ‘புகாரைக் கையெழுத்துப் போட்டு எழுதி அனுப்பு’ என்பது பத்திரிகை நடத்தியபோது நான் போட்ட விதி. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

நானும் சும்மா இல்லை. பாண்டியர் கல்வெட்டைப் படித்துச் சரித்திரம் எழுதியவனுக்கு செவிலியர் அறைக்கான நிதிக் கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்பு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு மாதம் பொறு. இது வெளிவந்தால் அடுத்த தடவை எனக்கு சீட்டுக் கிடைக்காது. கெஞ்சிக் கேட்கிறேன்.

முருகானந்தம்

கொடைக்கானல்,
ஜனவரி 10

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பொறுப்பேன். ஜோதிமணி வயிற்றுப் பிள்ளை பொறுக்குமா?

பத்திரிகை வந்துவிட்டது. ஒரு பிரதி இத்துடன். அச்சுக்குக் கொடுக்கும்போது அழுகை வந்தது, ஆனாலும் கொடுத்தேன். திட்டுவதென்றால் எழுதியே திட்டுங்கள்.

ஆக்ஸிலியா

சென்னை,
ஜனவரி 21

அன்புத் தங்கச்சிக்கு,

உன்னோடு இனிப் பேச்சே இல்லை என்றுதான் இருந்தேன். ஆனால் சரித்திரக்காரன் கையில் ஆதாரம் கிடைத்தால் வாய் சும்மா இருக்குமா? சட்டமன்றத்தில் எழுந்து உன் பத்திரிகையை விரித்தேன். பத்திரிகை வாசிக்க அனுமதி இல்லை என்றார்கள். மடித்து வைத்துவிட்டு மனப்பாடமாகவே சொன்னேன். நான் எழுதியதுதானே!

“கல்லை நட்டுட்டு ஓடின அந்த உறுப்பினர் யாரு?” என்று எதிர்வரிசையில் ஒருவர் கத்தினார். “நான்தான்” என்று கையைத் தூக்கினேன். சபையே சிரித்தது, அமைச்சரும் சிரித்தார். சாயங்காலமே கோப்பில் கையெழுத்து விழுந்தது. கட்டடம் எழும்பும்வரை ஈச்சங்கானல் பள்ளிக்கூடத்திலேயே ஒரு செவிலியர் தங்குவார், நாளை வெள்ளனே கிளம்புகிறார்.

சீட்டுப் போனாலும் போகட்டும். நீ செய்தது சரி.

முருகானந்தம்

கொடைக்கானல்,
ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதிமணியின் மகளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. கொழுகொழுவென்று குப்புற விழுந்து புரள்கிறாள். செவிலியர் கையில்தான் பிறந்தாள், டோலி கட்டவில்லை.

திறப்பு விழா மேடையில் எனக்கு நாற்காலி போட வேண்டாம். பத்திரிகைக்காரி மேடை ஏறக் கூடாது, நீங்கள் போட்ட விதி. கீழே கேமராவோடு நிற்பேன். தலைப்பு தயார்: ‘கல் இருக்கு, கட்டடமும் இருக்கு.’

செய்தியில் உங்கள் பெயர் இருக்காது. வேலையைச் செய்ததற்காக எம்.எல்.ஏ. பெயரைப் போட்டுப் புகழக் கூடாது என்பதும் உங்கள் விதிதான். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முருகானந்தம் அண்ணா, நன்றி.

ஆக்ஸிலியா