முதல் பங்கு

சேத்தூர்,
தை 8.

அன்புப் பேரன் சோலைராஜுக்கு அப்பத்தா கனகலட்சுமி ஆசி சொல்லி எழுதுவது.

நான் நலம். முழங்கால் மட்டும் படியைக் கண்டால் யோசிக்கிறது. போனில் பேசினால் நீ சிரித்தே பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புதான், ஆனால் பிழை இருக்காது.

உன் பெண்டாட்டி யோகேஸ்வரியைக் கோபிக்காதே. மலத்தில் ரத்தம் போவதையும், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க டாக்டர் எழுதிக் கொடுத்து மூன்று மாதம் ஆவதையும் நான்தான் அவளிடம் பிடுங்கினேன். கம்பெனி வேலை போனபின் நீயே இன்சூரன்ஸ் எடுத்தாயாம். பிரீமியத்தில் பெரும்பங்கை அமெரிக்க அரசாங்கம் கட்டியதாம், இந்த வருஷம் அது குறைந்துவிட்டதாம். அதனால் மலிவான பாலிசிக்கு மாறினாயாம். அதில் முதல் ஏழாயிரம் டாலர் வரை உன் கைக்காசு என்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறாயாம்.

எனக்கு விளங்கவில்லை. உன்னோடு படித்த ஷெரின் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் இருக்கிறாள். ராஜபாளையத்தில் பஸ் மாறி இரண்டு நாள் போனேன். முதல் நாள் கூட்டம், சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் தாளில் கோடு போட்டுச் சொன்னாள். "ஏட்டி, மடையைத் தொறந்தா காஞ்ச வாய்க்கா குடிச்சது போகத்தான வயலுக்கு வரும், அது மாதிரியா?" என்றேன். "ஆச்சி, எங்க மேனேஜரே இம்புட்டுச் சுருக்கா சொல்ல மாட்டாரு" என்று சிரித்தாள். யாருக்காகக் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வாய்க்கால் நிறைந்த பிறகும் ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் நீ போட வேண்டுமாம். ஆனால் வருஷத்துக்கு ஓர் எல்லை உண்டாம், அதைத் தாண்டினால் முழுக்க அவர்கள் பொறுப்பு. வருஷம் மாறினால் மறுபடி முதலிலிருந்து. அப்படியானால் வருஷத் தொடக்கத்தில் போகிறவன்தானே கெட்டிக்காரன்? எம்.சி.ஏ. படித்த உனக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூ பார்க்காமல் நம் மாந்தோப்பை நான் குத்தகைக்கு விட்டதே இல்லை. இந்த முறை இன்னும் பூக்காத அடுத்த வருஷத்தையும் சேர்த்து மாங்காய் வியாபாரி பீர் மைதீனுக்குப் பேசி முடித்துவிட்டேன். "ஆச்சி, ஒரு வருசத்துக்கே மூணு நாளு பேரம் பேசுவிய, இப்பம் என்ன அவசரம்?" என்றார். அலைய ஏலவில்லை என்றேன். பாதி உண்மைதான். நீ போட வேண்டிய ஏழாயிரம் டாலர் முதல் பங்கில் பாதிக்கு அந்தப் பணம் வரும். வேண்டாம் என்று சொல்லாதே, என்னிடம் அப்படிச் சொல்லி யாரும் ஜெயித்ததில்லை.

உன் அப்பன் சுந்தரபாண்டியன், "வெறும் மூலந்தாம்மா, ஒண்ணுமில்ல" என்று ஒரு வருஷம் சொன்னான். நான் நம்பினேன்.

பரிசோதனை முடிந்ததும் கூப்பிடு. ஒன்றுமில்லை என்று நீயாகச் சொல்லாதே, டாக்டர் என்ன சொன்னார் என்று சொல். நீயும் என் வயதுக்கு வந்து, முழங்கால் வலிக்கிறது என்று யாருக்காவது கடிதம் எழுத வேண்டும்.

உன் அப்பத்தா,
கனகலட்சுமி.