ஊசியும் என் ஊழியமும்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய தயவால் இங்கே எல்லாரும் சுகம், அம்மா என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகம், அவள் குரல் தெருமுனை வரை கேட்பதே அதற்குச் சாட்சி. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதை உன் தம்பி சரிசெய்துவிட்டான், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. நான் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்ததாக அவன் உனக்குச் செய்தி அனுப்பினானாம். படுத்துக் கிடந்தது உண்மை. நோயாளியாக அல்ல, ஊழியக்காரனாக. விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு சமையலறையில் நின்றுகொண்டு உன் அம்மாவை நிமிர்ந்து நில், மூச்சை இழுத்து விடு என்று வேலை வாங்கத் தொடங்கினேன் அல்லவா, அவள் நேரே போதகரிடம் போய், "ஐயா, இவருக்கு ஏதாவது ஊழியம் கொடுங்க, இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்" என்று சொல்லிவிட்டாள். போதகர் என் உடம்பையும் குரலையும் பார்த்து, ஆஸ்பத்திரியில் வியாதியஸ்தரைச் சந்திக்கும் ஊழியத்தில் சேர்த்துவிட்டார். ஊசியைக் கண்டால் எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தடுப்பூசி போடப் போனபோதெல்லாம் நான் வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தேன். பள்ளிக்கூடம் முழுவதையும் மைதானத்தில் ஓடவிட்ட பி.டி. வாத்தியார் இதை எப்படிப் போதகரிடம் சொல்வது? சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

முதலில் என்னை அனுப்பியது எலும்பு வார்டில் இருந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிடம். ஏணியிலிருந்து விழுந்து கால் எலும்பு நொறுங்கிக் கிடந்தார், ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். தள்ளிப்போட்டால் காலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியும் அசையவில்லை, ஆறுதல் சொல்ல வந்தவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி நம் சபையில் பின்வரிசையில் உட்காருகிறவர், அந்த அம்மாதான் அழுதுகொண்டே போதகரிடம் கேட்டிருக்கிறார். நான் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, தைரியத்தைப் பற்றி ஒரு பிரசங்கத்தையே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கட்டிலருகே நின்று, "தம்பி, எதுக்கும் பயப்படக் கூடாது" என்று மைதானக் குரலில் ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து அவர் கையில் ஊசியை ஏற்றினாள். அதற்குப் பிறகு பிரசங்கத்தில் எதுவரை போனேன் என்று எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் கிடந்தேன். விழும்போது அவருடைய பழத்தட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தேனாம், ஆரஞ்சு வராந்தா வரை உருண்டதாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆண்டவரே, உமக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று மனதுக்குள் கேட்டேன். மெக்கானிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சார், ஊசின்னா பயமா?" என்றார். ஆமாம் என்றேன், பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. அவர் சிரித்தார், கால் வலித்ததால் பாதியில் நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஊசி பயமில்ல சார். மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்கவே மாட்டேனோன்னு பயம். எங்கப்பா அப்படித்தான் உள்ள போனாரு, திரும்பி வரல. வர்றவங்க எல்லாரும் தைரியமா இருன்னாங்க, அவங்ககிட்ட இத எப்படிச் சொல்றது?" என்றார். அவரே தொடர்ந்து, "நீங்க இப்பதானே மயங்கிட்டு வந்தீங்க, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். ஒன்றுமே தெரியவில்லை, எழுந்ததும் பசிக்கிறது என்றேன். பாப்பா, நான் மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட அவருக்கு இவ்வளவு ஆறுதலாக இருந்திருக்காது.

ஜெபம் பண்ணலாமா என்று கேட்டேன். படுத்தபடியே கையை நீட்டினோம், விரல் நுனிதான் எட்டியது. "ஆண்டவரே, நாங்க ரெண்டு பேரும் பயந்தாங்கொள்ளிங்க. எங்ககிட்ட பலம் இல்ல, நீங்கதான் கூட இருந்து நடத்தணும்" என்றேன். ஆமென் என்று குரல் கொடுத்தது திரைக்குப் பின்னால் ஊசித் தட்டோடு நின்ற நர்ஸ்.

அவர் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார், ஆனால் தியேட்டர் வாசல் வரை "அந்த விழுந்த சார்" கூட வந்தால்தான் போவேன் என்றார். உன் அம்மா வேண்டாம் என்றாள், நான் போனேன். டியூப், மருந்து பாட்டில் எதுவும் கண்ணில் படாமலிருக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு சக்கரக் கட்டிலின் கம்பியைப் பிடித்து நடந்தேன். பார்த்தவர்கள் நான் உருக்கமாக ஜெபிக்கிறேன் என்று நினைத்து வழிவிட்டார்கள். ஜெபித்ததும் நிஜம்தான். ஒவ்வொரு அடிக்கும் இன்னும் கொஞ்சம் பலம் கொடும் என்று கேட்டேன், கொடுத்தார். கதவில் மூக்கு இடித்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் கண் விழித்ததும் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி, "சார் நிக்கிறாரா, விழுந்துட்டாரா?" என்பதுதானாம். நின்றுகொண்டிருந்தேன் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எனக்கு இந்த ஊழியம் ஒத்துவராது, பாட்டுப் புத்தகம் அடுக்குகிற வேலை கொடுங்கள் என்று போதகரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, இன்று சாயங்காலம் கண் வார்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார். கண்ணிலும் ஊசி போடுவார்களாமே, உன் தம்பி சொன்னான்.

உங்கள் சபையில் ஞாயிறு பள்ளி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள், பிள்ளைகள் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, விட்டுவிடப் போகிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். உன்னை அதட்டுகிற தகுதி எனக்கு இல்லை. பயமாக இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடமே சொல்லிவிட்டு ஆரம்பித்துப் பார். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். இந்த உடம்பையே கீழே விழாமல் தாங்கினவருக்கு நீ எம்மாத்திரம்.

கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கரத்துக்குள் வைத்துக் காப்பாராக. காதை மூடாமல் வெளியே போகாதே என்று மூன்று தடவை எழுதச் சொன்னாள் அம்மா, ஒரு தடவை எழுதிவிட்டேன், மீதியை நீயே படித்துக்கொள்.

இப்படிக்கு,
கண் வார்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்
உன் அப்பா