கழுவி வந்த மண்வெட்டி

2007 பங்குனி, செவ்வாய் இரவு

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர்ச் சங்கத்தில் மண்வெட்டி, அலவாங்கு எல்லாம் பொதுவில் இருக்கின்றன. அடையாள அட்டையைக் காட்டி, கொப்பியில் கையெழுத்து வைத்துவிட்டு யாரும் எடுத்துப் போகலாம்.

போன கிழமை எதிர்வீட்டுத் தவராசா வந்தான். "அக்கா, கக்கூசுக்குக் கிடங்கு வெட்டணும். என்ட அடையாள அட்டை துலைஞ்சி போச்சி. உங்கட பேரில ஒரு மண்வெட்டி எடுத்துத் தாங்க" என்றான். கொடுத்தேன். இங்கே ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்து வைப்பது வழக்கம்தானே.

இன்று பின்னேரம் திருப்பித் தந்தான். சங்கத்து மண்வெட்டி சேறில்லாமல் திரும்பி வந்து நான் பார்த்ததேயில்லை. இது பிடிகூடக் கழுவியிருந்தது.

"கிடங்கு வெட்டி முடிஞ்சுதா?"

"ஓம்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். அவன் போன பிறகு வேலியால் எட்டிப் பார்த்தேன். அவன் வளவில் கிடங்கே இல்லை.

பொழுதுபட, சங்கத்துச் செயலாளர் புவனா ஓடி வந்தாள். "வயலுக்குப் போற வட்டை ரோட்டில ஆரோ கிடங்கு வெட்டி என்னவோ புதைச்சிருக்காம். ஆமிக்காரன் நம்மட கொப்பியக் கொண்டு போயிட்டான்கா."

அந்தக் கொப்பியில் தவராசாவின் பெயர் எங்கும் இல்லை.

மண்வெட்டி என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விடியமுன் அதில் கொஞ்சம் சேறு பூச வேண்டும்.