டிசம்பரில் ஒரு படமும் இல்லையா

12 ஜூன் 2024, புதன்

மழையில் ஸ்கூட்டர் இரண்டு தடவை நின்றுவிட்டது. புத்தகப் பை நனையவில்லை, நான்தான் நனைந்தேன். கிரந்தசாலையிலிருந்து, அதாவது ஊர் நூலகத்திலிருந்து, வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோகிற வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. எனக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கித் தரவேண்டும் என்று கமிட்டியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இன்றும் பாதிப் பேர் கேட்டது புத்தகத்தை இல்லை, சீட்டை. "இந்த வாரம்" சீட்டு. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். புதிதாக வந்ததில் எது தேறும் என்று ஐந்து தலைப்பு: புத்தகம், சினிமா, அனிமேஷன், நாடகம், டிவியில் வருகிற குஸ்தி. அடியில் "வரப்போவது" என்று மூன்று நான்கு வரி. புத்தகமும் நாடகமும் என் பாடு. மீதி மூன்றும் என் கூடப்பிறந்த நேசமணி அண்ணன் பாறசாலை ஜங்ஷனில் தன்னுடைய ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து சொல்வது. அச்சடித்துத் தருவதும் அவர்தான். முன்பு அதே இடத்தில் கேசட் கடை வைத்திருந்தவர், அந்தப் புத்தி போகவில்லை. சீட்டின் கடைசி வரியும் அவருடையது: "முடிவு சொல்வதில்லை."

பிரசிடெண்ட் பரமசிவன் சார் மறுபடியும் ஆரம்பித்தார். "கிரந்தசாலைச் சீட்டுல குஸ்தி என்னத்துக்கு ரெஜிலா?" சார் வீட்டு அம்மா சீட்டு கையில் வந்ததும் முதலில் வாசிப்பது குஸ்தியைத்தான். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

19 ஜூன், புதன்

"வரப்போவது" பகுதியில் முதல் வரி இந்த வாரமும் ஆமைதான். அண்ணன் விடமாட்டார். போன மாதம் வந்த அனிமேஷன் படம். ஒரு ஆமை, தான் பொரிந்த கரையைத் தேடித் திரும்பி வருகிறது. பாதிக் கடலில் படத்தை நிறுத்தி, மீதி 2025 டிசம்பர் 19 என்று போட்டுவிட்டான். ஐம்பத்துநாலு வயது மனுஷன் தியேட்டருக்கு வெளியே நின்று அவ்வளவு கோபப்பட்டார். "ஒண்ணரை வருசம் அது தண்ணியிலயே கெடக்கணுமா?" அன்றிலிருந்து வாரா வாரம் அந்தத் தேதி சீட்டில் ஏறுகிறது. ஊருக்கே மனப்பாடம்.

29 ஜூன், சனி

அண்ணன் கண் மஞ்சள். அண்ணன் மனைவி சுகிர்தபாய் மைனி கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். பத்து நாளாகச் சாப்பாடே இல்லையாம், இன்றுதான் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "பாக்கலாம் மக்கா" என்கிறார்.

17 ஜூலை, புதன்

திருவனந்தபுரம். டாக்டர் என்னையும் சுகிர்தபாய் மைனியையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். கணையத்தில் ஆரம்பித்து ஈரலுக்குப் போயிருக்கிறது. உள்ளே ஒரு குழாய் வைத்து மஞ்சளை இறக்கலாம், அவ்வளவுதான். மைனி "கிறிஸ்துமஸ்?" என்று மட்டும் கேட்டார். அதுவரை போவது கஷ்டம் என்றார் டாக்டர்.

மைனி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவியகிட்ட சொல்லப்பிடாது ரெஜிலா. கேட்டா அண்ணைக்கே விட்டுருவாரு. கல்லுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாரு." சத்தியம் வாங்கிக்கொண்டார்.

உள்ளே போய்ச் சொன்னேன் — பித்தப்பையில் கல். எவ்வளவு பெரிசு என்றார். புளியங்கொட்டை அளவு என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் புளியங்கொட்டை? சிரித்தார். நானும் சிரித்தேன்.

இங்கே எல்லா வீட்டிலும் இப்படித்தான். எங்கள் அப்பாவுக்கும் கடைசிவரை அல்சர்தான். அல்சர் என்று அப்பாவிடம் சொன்னது அண்ணன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே அண்ணன் வீடு. குஸ்தி மறு ஒளிபரப்பு. காலையில் நேரலையிலேயே வந்துவிட்டது, ஆனால் தூங்கிவிட்டாராம். யாரும் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு. அண்ணனுக்கு அதில் ஒரு சொட்டைத்தலையனைப் பிடிக்கும். "நம்ம கிழவன்" என்பார். வாரா வாரம் யாராவது சின்னப் பையனிடம் அடிவாங்கி விழுவது அவன் தொழில்.

எனக்கு எரிச்சல். எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்துச் செய்கிறார்கள், இதை உட்கார்ந்து பார்க்கணுமா என்றேன்.

"எட்டீ, தோப்போம்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் எப்பிடி ஏறி வாறான் பாரு. அதாக்கும் வேல."

நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். மைனி கஞ்சிக்குப் பயறு கழுவிக்கொண்டிருந்தார். நான் தேங்காய் துருவ உட்கார்ந்தேன்.

24 ஆகஸ்ட், சனி

பஞ்சாயத்து பாலியேட்டிவ் வண்டி வந்தது, குணமாகாத நோயாளிகளை வீட்டிலேயே வந்து பார்க்கிற வண்டி. வண்டியில் அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறதே — பள்ளிக்கூட வளைவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டோம். நர்ஸ் விலாசினி அங்கேயிருந்து பையோடு நடந்து வந்தாள். மைனியின் பிரஷர் பார்க்க வந்ததாக அண்ணனிடம் சொன்னோம். அவளும் மைனி கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கும் ஒண்ணு பாத்துரட்டா?" என்றாள். நன்றாக நடிக்கிறாள். எல்லா வீட்டிலும் பழக்கமாம்.

பிரஷர் மைனிக்குத்தான் அதிகம். நூற்றெழுபது.

11 செப்டம்பர், புதன்

அண்ணன் எடை நாற்பத்தொன்பது.

18 செப்டம்பர், புதன்

கடையை மைனி காலையில் மட்டும் திறக்கிறார். சீட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் முதல் நானே தட்டச்சு செய்து அங்கே போய் அடித்துக்கொள்கிறேன். அண்ணன் கட்டிலில் கிடந்தபடி சொல்கிறார், நான் எழுதுகிறேன். பாதியில் தூங்கிவிடுகிறார். மீதியை நானே போட்டு நிரப்புகிறேன். வாரா வாரம் ஒரு பிரதியைத் தலையணைக்குக் கீழே வைக்கச் சொல்கிறார். அவருடைய ஃபைலில் கோர்க்க வேண்டுமாம்.

9 அக்டோபர், புதன்

இதை எப்படி எழுதுவது.

மைனி கடைக்குப் போயிருந்தார். நான் வழக்கம்போலப் பேனாவோடு உட்கார்ந்தேன். அண்ணன் மடியில் அந்த நீல ஃபைல். முதல் சீட்டிலிருந்து எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஒவ்வொரு சீட்டிலும் கடைசிப் பகுதியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஏப்ரல் சீட்டில் அடுத்த பிப்ரவரி நாடகவிழா. மே மாதத்தில் அடுத்த வருஷத்து நாவல். ஜூனில் ஆமை, ஆமை, ஆமை. ஜூலை பத்தாம் தேதியும் ஆமை.

"ஆமை எங்கட்டீ?"

ஜூலை இருபத்துநாலிலிருந்து ஆமை இல்லை. அடுத்த வருஷமே இல்லை. அக்டோபரில் வருகிற புத்தகம் இருக்கிறது, நவம்பரில் வருகிற சினிமா இருக்கிறது, நவம்பர் கடைசியில் நெய்யாற்றின்கரையில் போடுகிற நாடகம் இருக்கிறது. அதோடு சரி. பதினோரு சீட்டு. நான்தானே எழுதினேன்? ஆனால் சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூட நினைத்துச் செய்யவில்லை. கை அங்கே வந்ததும் நின்றிருக்கிறது.

"டிசம்பர்ல ஒரு படமும் இல்லியா? கிறிஸ்துமசுக்கு எவனாவது படம் எறக்காம இருப்பானா மக்கா?"

நான் அழுதுவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டுதான் அழுதேன், ஆனாலும் அழுதாயிற்று. அவர் என் தலையைத் தொட்டார். கை கனமே இல்லை.

"சொல்லாண்டாம். ஒண்ணும் சொல்லாண்டாம். முடிவு சொல்லப்பிடாதுன்னு நமக்குக் கட்டு உண்டுல்லா."

அப்புறம் சொன்னார்: "சுகிர்தத்துக்கு நான் அறிஞ்சது தெரியப்பிடாது. அவ எனக்காகக் கெடந்து கஷ்டப்படுகா. அது அவளுக்கு ஒரு பெலமாக்கும். அத எடுக்காத."

அப்பாவின் அல்சரைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. பேசாமலே பேசினமாதிரி இருந்தது.

சீட்டில் ஆமையைத் திரும்பப் போட்டேன். 2025 டிசம்பர் 19. எழுதும்போது தேதி கோணிப்போயிற்று. அதையும் திருத்தச் சொல்லி, இந்த வாரம் அந்தக் கையெழுத்துப் பிரதியையே ஃபைலில் கோர்த்துக்கொண்டார்.

12 அக்டோபர், சனி

போகிற வீட்டில் எல்லாம், "ஆமை திரும்பி வந்துட்டுல்லா!" என்கிறார்கள். திருப்புறத்தில் சத்தியபாய் டீச்சர் கைதட்டிச் சிரித்தார்கள். இத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் கவனிக்கவில்லை.

2 நவம்பர், சனி

இப்போது என் வேலை மாறிவிட்டது. அண்ணனுக்கு எதிரே ஒன்றும் தெரியாதவளாக இருக்க வேண்டியதில்லை. மைனிக்கு எதிரே, அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தவளாக இருக்க வேண்டும். இன்று மைனி என்னிடம், "நல்லவேளை, இதுவரைக்கும் அவியளுக்குச் சந்தேகமே இல்ல" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. தலையாட்டினேன். அண்ணன் அந்தப் பக்கம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

27 நவம்பர், புதன்

குஸ்திக்கு அண்ணன் சொன்னது: "ஜனவரியில நம்ம கிழவனுக்குக் கடைசி ஆட்டம். பாருங்க." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அப்படியே போட்டேன்.

5 டிசம்பர், வியாழன்

அண்ணன் போய்விட்டார். காலை ஐந்தே முக்கால். மைனி அண்ணன் வாயில் தண்ணீர் விட்டார், நான் சங்கீதம் வாசித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

7 டிசம்பர், சனி

அடக்கம் நேற்று. நல்ல கூட்டம். குஸ்தி பார்க்கிறவர்கள் மட்டுமே ஐம்பது பேர் இருப்பார்கள். பரமசிவன் சார் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று அழுதார். நான் எதிர்பார்க்கவில்லை.

18 ஜனவரி 2025, சனி

மைனி ஃபைலைப் பார்த்துவிட்டார்.

ஜெராக்ஸ் மெஷினை விற்கக் கடையை ஒதுக்கினபோது வீட்டிலிருந்த கடைத் தாள்களையும் எடுத்திருக்கிறார். அக்டோபர் ஒன்பதாம் தேதிச் சீட்டின் ஓரத்தில் அண்ணன் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "ரெஜிலா சொல்லல. சீட்டு சொல்லிச்சு."

என்னைக் காப்பாற்றத்தான் எழுதியிருப்பார். மைனி அப்படிப் படிக்கவில்லை.

"ரெண்டு மாசம் அவிய அறிஞ்சிட்டுக் கெடந்தாவளா? நான் ஒரு கிறுக்கி, கல்லு கரையும் கல்லு கரையும்னு குடிக்க வெள்ளம் கொண்டு குடுத்தேனே. நீ பாத்துட்டு இருந்தியா?"

வேண்டுமென்று செய்யவில்லை மைனி என்றேன். கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்விட்டார். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை.

26 ஜனவரி, ஞாயிறு

கிழவனின் கடைசி ஆட்டத்தைத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். குஸ்தி விதி ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவன் ஏறி வந்தது புரிந்தது. சீட்டில் எழுதினேன்: "இந்த வாரம் குஸ்தி: பாருங்கள்." யார் ஜெயித்தது என்று எழுதவில்லை.

12 மார்ச், புதன்

மைனிக்குப் புத்தகம் கொண்டுபோனேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டார். திருப்பித் தரவேண்டிய புத்தகம் வாசற்படிக் கல்லில் தயாராக வைக்கப்பட்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

16 ஆகஸ்ட், சனி

புதன், சனி, புதன், சனி. கல்லில் புத்தகம். ஏழு மாதம். கோபம் வருகிறது எனக்கும் — நானும் அண்ணனைப் பறிகொடுத்தவள்தானே? பிறகு அந்த வெள்ளம் கொண்டு கொடுத்த கையை நினைக்கிறேன். கோபம் நிற்பதில்லை.

சீட்டு வேறு இடத்தில் அச்சாகிறது. எழுத்து மங்கல்.

20 டிசம்பர், சனி

நேற்றுக் காலை மைனி கிரந்தசாலைக்கே வந்தார். வெள்ளைச் சேலை, பைபிள் கொண்டுபோகிற கறுப்புப் பை. பைபிளுக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். போன வருஷம் அக்டோபர் ஒன்பது. ஓரத்தில் அண்ணனின் பென்சில் எழுத்து, நடுவில் என் கோணல் தேதியைத் திருத்திய தேதி.

"இண்ணைக்காக்கும் ஆமை. வாறியா?"

மேசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். பரமசிவன் சார் சாவியை நான் பூட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

நெய்யாற்றின்கரையில் மத்தியான ஆட்டம். சுற்றிலும் பிள்ளைகள். மைனி தியேட்டருக்கு வந்தே இருபது வருஷம் இருக்கும். முதல் பாகம் பார்க்கவில்லை. இடையிடையே காதில் கேட்டார், நான் சொன்னேன். இடைவேளையில், "அவிய கேப்பாவளா, அவிய அறிஞ்சது எனக்குத் தெரியுமான்னு?" என்றார். கேட்டதே இல்லை, உங்களுக்குத் தெரியக்கூடாது என்று மட்டும்தான் சொன்னார், அவருக்காகக் கஷ்டப்படுவது உங்களுக்குப் பெலம் என்றார் என்றேன். மைனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பாப்கார்ன் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கல்லறைத் தோட்டம். கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், கையில் ஒட்டியது. அண்ணன் தலைமாட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வெயில் தாழ்ந்துவிட்டது.

"சொல்லு" என்றார் மைனி.

என்ன மைனி?

"படத்த. அவியளுக்கு நீதானே சொல்லணும்."

முடிவு சொல்லப்பிடாது என்று கட்டு உண்டே மைனி என்றேன்.

"அது அவிய இருக்கும்போ. இப்பம் சொல்லு."

ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பாதிக் கடலில் விட்ட இடத்திலிருந்து. வலை, புயல், ஆமையை ஏமாற்றிய அந்த வெளிச்சம், எல்லாம். மைனி விட்டுப்போனதை எடுத்துக்கொடுத்தார். சொல்லி முடிக்கிற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். மைனி என் கையைப் பிடித்துக்கொண்டார், அந்த வராந்தாவில் பிடித்த மாதிரியே.

முடிவையும் சொன்னேன்.