சம்பந்தி கொடுத்த டயர்கள்

அக்டோபர் 7, 1991, திங்கள்

காலையில் பியட் காரைக் கழுவும்போது கவனித்தேன். நான்கு டயரிலும் பட்டன் தேய்ந்து போய்விட்டது. முன்னால் இரண்டும் சுத்த மொட்டை. போன மழைக்கே மாற்றியிருக்க வேண்டும், தள்ளிப்போட்டேன். எதைத்தான் தள்ளிப்போடவில்லை நான்?

அடுத்த மாதம் மகள் அமிர்தவல்லியை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இங்கே ராஜபாளையத்துக்குப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். போன வருஷம் ஏழாம் மாதத்தில் தவறிப்போனது. இந்த முறை மதுரை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பஸ் கூடாது, ஆட்டோ கூடாது, காரில் மெதுவாகக் கூட்டிப் போங்கள், வலி கண்டால் உடனே மதுரைக்கு வாருங்கள். மழைக்காலம் வேறு. மகளையும் அவள் வயிற்றில் இருப்பதையும் தாங்க வேண்டிய டயர்கள் இவை.

"டாக்சி வச்சுக்கிட்டா என்ன?" என்றாள் என் மனைவி ஏசம்மாள். வலி வரும் நேரத்தில் டாக்சியை எங்கே தேடுவது என்றேன். "அதுக்கில்லங்க. நீங்க ஸ்டியரிங்கைப் பிடிக்கிறதைவிட நான் கதவை இறுக்கிப் பிடிச்சிருக்கேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உண்மைதான். என் பயம் பக்கத்தில் இருப்பவர்களையும் தொற்றிவிடுகிறது. இந்தக் காரில் இதுவரை யாரும் தூங்கியதில்லை.

அக்டோபர் 10

சேக் முகைதீன் டயர் கடைக்குப் போனேன். நாலும் புதிது என்றால் என் பென்ஷன் தாங்காது.

"முன்னாடி ரெண்டு புதுசு போடுங்க சார். பின்னாடிக்கு உங்க பழைய டயருக்கே மேல புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போட்டுருவோம். பஸ்காரங்க அப்படித்தானே ஓட்டுதாங்க?"

முன் டயர் வெடித்தால் வண்டி இழுத்துக்கொண்டு போய்விடும், அது சரி. ஆனால் பழைய டயரின் உடம்பு நன்றாக இருந்தால்தானே மேலே ஒட்டுவது நிற்கும்? டயர்களைக் கழற்றச் சொல்லி, உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். பக்கவாட்டில் விரலால் வளைத்துப் பார்த்தேன். இரண்டில் கீறல் இல்லை, நூல் தெரியவில்லை. வேகமாக ஓட்டாத கோழைத்தனத்துக்கு இப்படி ஒரு பலன்.

முடிவு எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டேனா?

அக்டோபர் 13, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் ஒரு வேன். சம்பந்தி ஜேசுதாசன் நான்கு டயர்களை இறக்கிக்கொண்டிருக்கிறார்.

"எதுக்கு சம்பந்தி வீண் செலவு? எங்க அண்ணன் அவிய பியட்டுக்குப் போட்டது. போட்டு ஒரு மாசம் ஓட்டல, போய்ச் சேந்துட்டாவ. ஏழு வருஷமா ஷெட்டுல நின்னுச்சு. பட்டனைப் பாருங்க, புத்தம் புதுசு! என் மருமகளுக்கு நான் செய்யற சீருன்னு வச்சுக்கோங்க."

பட்டன் புதிதுதான். பக்கவாட்டை வளைத்தேன். தலைமுடி போல் வெடிப்புகள், சுற்றிலும். ஓடாமல் நின்றாலும் ரப்பர் சாகும். காற்று ரப்பரை என்ன செய்யும் என்று கல்லூரியில் எத்தனை வருஷம் பாடம் நடத்தினேன்!

"ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்றேன்.

வேறு என்ன சொல்வது? செத்துப்போன அண்ணனின் பொருள். போன வருஷம் குழந்தை தவறியபோது அந்த வீட்டில் ஒருவர்கூட என் மகளை ஒரு சொல் சொல்லவில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் மனதார எடுத்து வந்த சீரை எப்படி வேண்டாம் என்பது?

அக்டோபர் 16

மாட்டியாகிவிட்டது. முகைதீன் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். சம்பந்தி கொடுத்தது என்றேன். "அப்பச் சரி. அதுல நான் வாயைத் தொறக்க மாட்டேன்" என்று சிரித்தார். என் பழைய டயர்களைக் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லி வந்தேன். ஏன் சொன்னேன்?

அக்டோபர் 19

டயரில் வெடிப்பு இருப்பதை ஏசம்மாளிடம் சொல்லிவிட்டேன். பதறிப்போனாள். "வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீ சொல்லேன்."

"சம்பந்திகிட்டயா? நானா?"

அத்தோடு முடிந்தது.

அக்டோபர் 24

ஊகத்தில் தவிப்பதைவிடச் சோதித்துப் பார்க்கலாம் என்று பின்சீட்டில் இரண்டு மணல் மூட்டைகளை ஏற்றினேன். அமிர்தவல்லிக்கு ஒன்று, அவள் அம்மாவுக்கு ஒன்று. செட்டியார்பட்டி டீக்கடையில் கண்ணுச்சாமி, என் பழைய மாணவன், எட்டிப் பார்த்தான். "என்ன சார், மணல் மூட்டைக்கு வளைகாப்பா?" கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

தளவாய்புரம் தாண்டித் திரும்பும்போது வண்டி நொண்டுவதுபோல் இருந்தது. இறங்கிப் பார்த்தேன். பின் இடது டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவு ஒரு புடைப்பு.

அமிர்தவல்லி உட்காரும் பக்கம்.

தூறலில் ஸ்டெப்னி மாட்டினேன். நட்டுகளை இரண்டு தடவை முறுக்கிப் பார்த்தேன்.

அக்டோபர் 25

இன்று போய்ச் சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 26

சொல்லவில்லை. மழை என்று எழுதலாம். மழை பெய்யவில்லை.

அக்டோபர் 28

எனக்கு வாய் வராது. அதனால் சக்கரத்தையே எடுத்துப் போனேன். வெடித்துவிடாதபடி கொஞ்சம் காற்றை இறக்கினேன், புடைப்பு தெரியும் அளவுக்கு மட்டும் விட்டு. அந்த டயர்களை நம்பாமல் பஸ்ஸிலேயே போனேன். கண்டக்டர், "இவுகளுக்கும் ஒரு டிக்கெட் போடவா?" என்றார்.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் அதைச் சாய்த்து வைத்தேன். அவர் குனிந்து புடைப்பைத் தொட்டார்.

"இது எங்க அண்ணன் டயருல்லா..."

"ஆமா."

"நீங்க அன்னைக்கே பாத்தீயளா?"

"பார்த்தேன்."

"பொறவு ஏன் சொல்லல? எனக்குச் சங்கடமா இருக்குமேன்னு எம் மருமகளை இதுல ஏத்தப் பாத்தீயளா?"

அவர் உள்ளே போனார். அமிர்தவல்லி காப்பி கொண்டுவந்தாள். குடித்து முடித்தேன். அவர் வெளியே வரவில்லை.

நவம்பர் 8

முன்னால் இரண்டு புதிது. பின்னால் என் பழைய டயர்களே, ரீட்ரெட் போட்டு. நேற்றும் இன்றும் மணல் மூட்டைகளோடு சிவகாசி வரை போய் வந்தேன். ஒரு குறையும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது? சொல்லாததும் தப்பு, சொன்னதும் தப்பு—அப்படித்தானா?

நவம்பர் 18, திங்கள்

நல்ல மழை. நாங்கள் போய் நின்றதும் சம்பந்தி குடையோடு வெளியே வந்தார். வாங்க என்றார், அவ்வளவுதான். காரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரிடமும் குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நாலாவதாக, பின் இடது டயரிடம் சற்று நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார்.

ஜெபம் செய்து, பின்சீட்டில் அமிர்தவல்லியையும் ஏசம்மாளையும் ஏற்றினோம். மாப்பிள்ளை வீட்டார் வாசலோடு வழியனுப்புவதுதான் வழக்கம். அவர் முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்து குடையை மடக்கினார்.

"நானும் வாரேன்."

வழியெல்லாம் மழை. பாதித் தூரம் தாண்டினோம். பிறகு அவர்தான்: "சம்பந்தி, கொஞ்சம் அமுக்குங்க. சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான்."

ஏசம்மாள் சிரித்தாள். நானும் லேசாக அமுக்கினேன்.

ராஜபாளையம் எல்லைக்கு வந்தபோது பின்னாலிருந்து சத்தமே இல்லை. பயந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தேன். அம்மா தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி, அமிர்தவல்லி தூங்கிக்கொண்டிருந்தாள்.